விருந்தினர் உறுப்பினர், டென்மார்க்

ட்சுகுபா, ஜப்பான்
3 மார்ச் 2025

அன்புள்ள நிரஞ்சலாவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? என் போன் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள், மெயில் போட்டால் திரும்பி வருகிறது. அதனால் மன்றத்தின் பழைய விண்ணப்பத்தில் இருந்த உங்கள் அப்பா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். பேப்பரில் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் இருக்கும். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7 சனிக்கிழமை நம் மன்றத்தின் ஆண்டு விழா. இப்போது ஜப்பானில் ஏழு ஊர்களில் நூற்று நாற்பது இந்திய அறிவியலாளர்கள் நம்மோடு இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் உங்கள் அறையில் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து நீங்கள் வைத்த சொதியைச் சாப்பிட்டது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. விழாவில் நீங்கள் வீடியோ வழியாகச் சிறப்பு விருந்தினராகப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது என் ஆசை. கமிட்டியும் சம்மதித்துவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் லேபில் அபிதா என்று கோயம்புத்தூர்ப் பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பழைய ஃப்ரீசர் பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். 2022-இல் நீங்கள் எங்கள் ஃப்ரீசரில் வைத்திருந்த டியூப்களின் விவரம் உங்கள் நோட்டில் இருந்தால் ஒரு நகல் அனுப்ப முடியுமா? அவசரம் ஒன்றும் இல்லை.

அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பால்வண்ணன்


சில்க்போர்க், டென்மார்க்
17 மார்ச் 2025

திரு. பால்வண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாதான் எடுத்தார். யப்பான் முத்திரையைப் பார்த்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு ஓடி வந்தார். "பிள்ளை, திரும்பக் கூப்பிட்டிட்டாங்கள் போல கிடக்கு, உடைச்சுப் பார்," என்றார். உடைத்தால் விழா அழைப்பு. அம்மாவின் முகம் போன போக்குக்கே உங்களை நான் திட்ட வேண்டும்.

தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குப் பணிவு வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்தில் பணிவு வேண்டாம். அண்ணை என்றும் இனி எழுத மாட்டேன்.

சிறப்பு விருந்தினரா? என்ன துணிவு உங்களுக்கு?

ஆறு பேர் சொதி சாப்பிட்டது நினைவிருக்கிறது. ஏன் கூடினோம் என்பது நினைவிருக்கிறதா? என் பக்கத்து ஆய்வுகூடத்தில் ஒடிசாக்காரர் ஒருவர் நான்கு மாதமாகத் தன் பரிசோதனை சரிவரவில்லை என்பதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்து, ஒரு நாள் வீட்டுச் சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு நாட்டுக்குப் போய்விட்டார். அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் தீபாவளி விழாவில் மேடையேறி எல்லாம் பிரமாதமாகப் போகிறது என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவர். அப்போதுதான் நான் சொன்னேன். பொன்னாடையும் மேடையும் போதும், மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடுவோம், சமைத்துச் சாப்பிடுவோம், அந்த மாதம் எது பிழையாய்ப் போனது என்று ஒவ்வொருவரும் சொல்வோம் என்றேன். குறிப்பெடுக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, பேராசிரியர்மார் வரக் கூடாது என்றும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமைகளுக்காகத்தான் ஒசாகாவிலிருந்தெல்லாம் ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். உங்கள் நூற்று நாற்பது பேரும் அதில் வளர்ந்த கூட்டம்.

அந்தச் சனிக்கிழமையில்தான், 2022 நவம்பரில், நானும் சொன்னேன். குளிர்க்கடல் பாசியின் சாறு நெல் நாற்றைக் குளிரில் சாகாமல் காக்கிறது என்று கட்டுரை எழுதியவள் நான். ஐந்து தடவை செய்தேன், ஐந்து தடவையும் காத்தது. கட்டுரை வந்த பிறகு திரும்பச் செய்தேன், மூன்று தடவையும் நாற்றுகள் செத்தன. இன்னும் இரண்டு மாதம் செய்து பார்த்துவிட்டு என் பேராசிரியர் ஹயாஷியிடம் நானே சொல்கிறேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினீர்கள்.

ஜனவரியில் ஆண்டு மலர் வந்தது. குறிப்பே எடுக்கக் கூடாத சனிக்கிழமைகளை நீங்கள் நினைவிலிருந்து எழுதி, 'எங்கள் தோல்விகள்' என்று தலைப்புப் போட்டு, வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தீர்கள். எதையும் அச்சில் பார்க்காவிட்டால் உங்களுக்கு அது நடந்த மாதிரியே இல்லை. பெயர்களை எடுத்துவிட்டீர்களாம். என் பெயருக்குப் பதிலாக என்ன இருந்தது? 'விருந்தினர் உறுப்பினர், டென்மார்க்.' பாசியும் நெல்லும் வைத்து வேலை செய்த டென்மார்க்காரர் ட்சுகுபாவில் எத்தனை பேர்? அந்த மலரை ஹயாஷியின் மேசைக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டியதும் நீங்கள்தான். தன் ஆய்வுகூடத்து விஷயத்தை ஒரு மலரில் படித்துத் தெரிந்துகொண்ட பேராசிரியர் என்ன செய்வார்? கட்டுரையைத் திரும்பப் பெற்றார். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிந்தது.

இன்று இணையத்தில் என் பெயரைத் தேடிப் பாருங்கள். முதலில் வருவது சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது'. எந்தப் பல்கலைக்கழகமும் என்னை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. ஒரு பால் தொழிற்சாலையில் கிறீமில் கொழுப்பு எத்தனை வீதம் என்று அளந்துகொண்டிருக்கிறேன். வேலை கேவலமில்லை, அப்பா இருபத்தேழு வருடம் தொழிற்சாலையில்தான் நின்றார். ஆனால் நான் பொய்யான ஒன்றை உலகத்துக்குச் சொல்லிவிட்டேனா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் காலையில் அதோடுதான் எழும்புகிறேன்.

குறிப்புப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.

நிரஞ்சலா இராசநாயகம்


ட்சுகுபா
30 மார்ச் 2025

நிரஞ்சலா,

பதில் போட்டதற்கு நன்றி. போட்ட விதத்துக்கு நன்றி சொல்ல முடியவில்லை.

மன்றத்தை நீங்கள் மட்டும் கட்டியதுபோல எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை பேசிவிட்டு எல்லோரும் ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யார் ஓடினார்கள்? பிரசவத்துக்குப் போன பெண்ணுக்கு டாக்டர் சொல்வதை யார் மொழிபெயர்த்தது? புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டுச் சொந்தக்காரர் ஜாமீன் கேட்டபோது யார் முத்திரை குத்திக் கொடுத்தது? பதினேழு வீட்டுக்கு நான் ஜாமீன். விழாக் கூடத்துக்கும் மன்றப் பதிவுக்கும் நகராட்சிப் படியேறியதும் நான்தான். ஏதாவது ஒன்றை அச்சடித்துக் காட்டாவிட்டால் இந்த ஊரில் உங்களை ஒரு சங்கமாகவே மதிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் மலர்.

உங்களுக்குக் கோபப்பட வசதி இருக்கிறது. வேலை போனது, டென்மார்க் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு வேலை போனால் விசா போகும். என் இரண்டு மகள்களுக்கும் ஜப்பானிய எழுத்துதான் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. நான் இங்கே வந்தபோது அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு எதிரே பதினாறு அடியில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'ஜப்பான் செல்லும் எங்கள் தெரு விஞ்ஞானியே' என்று. என் போட்டோவுக்குப் பின்னால் ராக்கெட். நான் வேலை செய்வது மண் பாக்டீரியாவில். ராக்கெட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தத் தெருவுக்குப் போய், தோற்றுவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கு அது சனிக்கிழமைப் பேச்சு. எங்களுக்கு அப்படியில்லை.

அப்புறம், முதல் தடவை நாற்று செத்த அன்றே பேராசிரியரிடம் ஏன் சொல்லவில்லை? எங்களிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லியிருந்தால் மலரில் வந்து அவருக்குத் தெரிந்திருக்குமா? இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்களை விருந்தினர் உறுப்பினர் என்று போட்டு, நிறுவனர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்தது தப்புதான். மலரைத் தூதரகத்துக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. இந்திய அறிவியலாளர் மன்றத்தில் இந்தியரல்லாத நிறுவனரா என்று கேட்டுவிடுவார்களோ என்று நானே முன்கூட்டிப் பயந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நோட்டு தராவிட்டால் பரவாயில்லை. எங்கள் ஃப்ரீசரில் இருந்தவை 31 முதல் 54 வரைதானா என்பதை மட்டும் ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

பால்வண்ணன்


சில்க்போர்க்
14 ஏப்ரல் 2025

பால்வண்ணன் அவர்களுக்கு,

ஃப்ளெக்ஸ் உங்களுக்கு மட்டும்தான் வைத்தார்கள் என்று நினைத்தீர்களா? எங்கள் ஈழத்து ஆட்களுக்கு ஃப்ளெக்ஸ் தேவையில்லை, போன் இருக்கிறது. நான் யப்பானுக்குப் போனபோது டென்மார்க்கின் மறு கோடியில் புரொண்பி வரைக்கும் ஒரு மணித்தியாலத்தில் செய்தி போனது. திரும்பி வந்ததும் அதே வேகத்தில் போனது. போன மாதம் கோல்டிங்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் றெஜினா அன்ரி கையில் தட்டோடு என்னிடம் வந்து, "பிள்ளை யப்பானிலை ஏதோ பிரச்சினைப்பட்டு வந்ததாம், உண்மையோ?" என்று கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

பேராசிரியரிடம் ஏன் உடனே சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை, நான் மறுக்கவில்லை. நான் பயந்தேன். என் பிழையை நான் இரண்டு வரியில் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? இனி உங்களுடையதுக்கு வருவோம்.

31 முதல் 54 வரை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடிதத்தைப் படித்தபிறகு குறிப்புப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். 1 முதல் 30 வரை எங்கள் ஆய்வுகூடத்தில் வைத்திருந்தேன். அந்தச் சாறு காத்தது. 31 முதல் 54 வரை வைக்க எங்களிடம் இடமில்லை. "எங்க ஃப்ரீசர்ல வைங்க நிரஞ்சலா, எதுக்குக் கவலைப்படுறீங்க," என்று சொன்னவர் நீங்கள். 2022 ஏப்ரலில் வைத்தேன். காக்காமல் போனது முழுவதும் அந்தச் சாறு. இந்த வித்தியாசம் எனக்கு அன்றும் தெரியும். அதனால்தான் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து குளிர்ப்பெட்டிக் கதவில் தொங்கிய பதிவுத்தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் மைனஸ் எண்பது. ஒவ்வொரு நாளும் உங்கள் கையெழுத்து. அண்ணை கையெழுத்து வைத்திருக்கிறார், பிறகென்ன என்று திரும்பிப் போனேன். சாற்றைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு என்னைச் சந்தேகித்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முப்பத்தொரு சனிக்கிழமைகள் நாங்கள் கூடினோம். ஒரு தடவைகூட நீங்கள் உங்கள் பிழையைச் சொன்னதில்லை. உங்கள் முறை வரும்போது நீங்கள் சமையலறையில் நிற்பீர்கள். நாங்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தோம்.

அந்தக் குளிர்ப்பெட்டிக்கு என்ன நடந்தது? உண்மையை எழுதுங்கள். இன்னொரு தடவை விழா, ஆசை, அன்புடன் என்று எழுதினால் அடுத்த கடிதம் உங்கள் பேராசிரியருக்குப் போகும்.

நிரஞ்சலா


ட்சுகுபா
2 மே 2025

நிரஞ்சலா,

எழுதுகிறேன்.

2022, மே மாதத் தொடர் விடுமுறை. ஏப்ரல் 30 சனிக்கிழமை ஒரு பெட்டி எடுக்க லேபுக்குப் போனேன். ஃப்ரீசர் கதவின் ரப்பரில் ஐஸ் பிடித்திருந்தது. கதவைத் தள்ளினேன், மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அது மூடவில்லை. அலாரம் அடித்திருக்கும். ஆனால் அதற்கு முந்தைய வாரம் சும்மா சும்மா கத்துகிறது என்று அலாரத்தை அணைத்து வைத்திருந்தவனும் நான்தான். மே 5 அன்று திரும்பி வந்தபோது தரையெல்லாம் தண்ணீர். உள்ளே பிளஸ் ஆறு டிகிரி.

எங்கள் தளத்தில் இப்படி நடந்தால் என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பொறுப்பானவர் என்ன நடந்தது என்று கைப்பட எழுதி, தளத்தில் உள்ள அத்தனை பேர் முன்னால் படித்துவிட்டுக் குனிந்து நிற்க வேண்டும். அந்த மாதம்தான் என் காண்ட்ராக்ட் புதுப்பிப்பு. நான் தரையைத் துடைத்தேன். கதவைச் சரியாக மூடினேன். எல்லாம் மறுபடி உறைந்தது. பதிவுத்தாளில் ஆறு நாளுக்கும் மைனஸ் எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் டியூப்களை எடுத்து எறிந்துவிட்டேன். உங்களுடையதை எறிந்தால் நீங்கள் கேட்பீர்கள். 31 முதல் 54 வரை எண் பார்த்து எடுத்துப் பார்த்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருவேளை கெட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் நீங்கள் நாற்று செத்ததைச் சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு எழுந்து போய் அடுப்பில் இருந்த ரசத்தை இறக்கினேன். அவ்வளவுதான் செய்தேன்.

மலரில் அதை ஏன் சேர்த்தேன் என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அச்சில் வந்துவிட்டால் அது உங்கள் தோல்வியாகவே நின்றுவிடும், அதற்குமேல் யாரும் தோண்ட மாட்டார்கள் என்ற நினைப்பு எனக்குள் இருந்ததா? இல்லை என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

ஃப்ரீசருக்குள்ளேயே மெஷின் தானாக எழுதும் பதிவு ஒன்று உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. ஜனவரியில் அபிதா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது என்னிடம் வந்தார். "சார், ஷீட்ல மைனஸ் எண்பதுன்னு இருக்கு, மெஷின்ல பிளஸ் ஆறுன்னு காட்டுது. எதை சார் ஏத்தறது?" என்று கேட்டார். மெஷின் கோளாறு, ஷீட்டில் உள்ளதை ஏற்றுங்கள் என்றேன். சரி என்று போனவர், மறுநாள் கையில் பழைய மலரோடு வந்தார். "இந்த டென்மார்க் மெம்பர் யாரு சார்? அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். குடும்பச் சூழ்நிலையால் ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேன். உங்கள் நோட்டில் தேதி இல்லையென்றால் தப்பித்துவிடலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பால்வண்ணன்


சில்க்போர்க்
13 மே 2025

பால்வண்ணன்,

கடிதத்தைக் காரில் வைத்துப் படித்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு, என்னால் முடிந்த அளவு கத்தினேன். நாயோடு நடந்து வந்த ஒரு டேனிஷ் பெண் யாருக்காவது போன் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம், எல்லாம் சரி என்றேன். எதுவும் சரியில்லை.

ரசத்தை இறக்கினீர்களா? என் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது, நீங்கள் ரசத்தை இறக்கினீர்களா?

எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம். வெட்கமாக இருக்கிறது என்று எழுதியதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு.

ஜூன் 7 விழாவில், அதே மேடையில், எனக்கு எழுதியதை அப்படியே வாசிக்க வேண்டும். என் முழுப் பெயர், உங்கள் முழுப் பெயர், தேதி, டியூப் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேராசிரியர் ஹயாஷி முன்னால் இருக்க வேண்டும், அவருக்கு யாராவது மொழிபெயர்க்க வேண்டும். குறிப்பு எடுக்கட்டும், படம் பிடிக்கட்டும்.

அடுத்தது, ஹயாஷியின் ஆய்வுகூட அலமாரியில் கீழ்த்தட்டில் நான் காயவைத்த பாசி கடதாசிப் பையில் இருக்கிறது. குளிர்ப்பெட்டி தேவையில்லாதது. அதிலிருந்து புதிதாகச் சாறு எடுத்து அபிதா என் பரிசோதனையைச் செய்யட்டும். உங்கள் கை படக் கூடாது. செய்முறையின் நகலை அபிதாவின் பெயருக்கு நேரடியாக அனுப்புகிறேன்.

நாற்று செத்தால் செத்ததென்று சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் இனித் தாங்க முடியாது.

நிரஞ்சலா


ட்சுகுபா
15 ஜூன் 2025

நிரஞ்சலா,

வாசித்தேன்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு கமிட்டியிடம் சொன்னேன். ஒருவர்கூட வாசியுங்கள் என்று சொல்லவில்லை. "ஆறு வருஷமா கட்டினது சார், ஒரே நாள்ல உடைச்சுடாதீங்க. அவங்களுக்குத் தனியா ஒரு லெட்டர் குடுத்துடலாம்," என்றார் செயலாளர். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். இரண்டு நாள் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அபிதா வந்து, "நீங்க வாசிக்கலேன்னா நான் வாசிப்பேன் சார்," என்றார். கையில் காகிதம் தயாராக இருந்தது.

கூடத்தில் தொண்ணூறு பேர். குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, வரவேற்புரை முடிந்தது, நான் தலைமையுரைக்குப் போய் இதை வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன். யாரும் கைதட்டவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. தூதரகத்திலிருந்து வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹயாஷி கடைசிவரை மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு மெஷின் பதிவை மட்டும் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு அபிதாவிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதுவரை இருபத்திரண்டு பேர் மன்றத்திலிருந்து விலகிவிட்டார்கள். அசிங்கப்படுத்திவிட்டேன் என்கிறார்கள். நான் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். நிறுவனர் பட்டியலில் இப்போது ஆறு பெயர், உங்களுடையது முதலில். லேபிலும் சொல்லிவிட்டேன். வரும் மார்ச்சோடு காண்ட்ராக்ட் இல்லை. மகள்களிடம் இன்னும் சொல்லவில்லை.

இதையும் சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு பதினொரு பேர் போகாமல் நின்றார்கள். பாத்திரங்களைக் கழுவினோம். பிறகு யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தார்கள். பாட்னாக்காரர் ஒருவர் தன் இரண்டு வருட மாதிரிகளில் பெயர்ச்சீட்டு மாறிப்போனதைச் சொன்னார். மலர் வந்த பிறகு எல்லோரும் சனிக்கிழமைகளில் வெற்றியை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அபிதா, ஜனவரியிலேயே உண்மை தெரிந்தும் பயத்தில் ஐந்து மாதம் சும்மா இருந்தேன் என்று சொல்லி அழுதார். நான் எங்கும் எழுந்து போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் சில்க்போர்க்குக்கு வரலாமா? உங்கள் அப்பா அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

பால்வண்ணன்


சில்க்போர்க்
20 ஜூலை 2025

பால்வண்ணன்,

எங்கள் வீதியில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியை எடுத்துவிட்டார்கள். இதை அனுப்பக் காரில் ஒரு கடை வரைக்கும் போக வேண்டும். இது நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம் என்பதால் போகலாம் என்று நினைத்தேன்.

அபிதாவின் படங்கள் வந்துவிட்டன. உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் நான் என் கையால் எழுத வேண்டும். சாறு ஊற்றாத நாற்றுகள் நான்காம் நாளே செத்தன. சாறு ஊற்றியவை பத்தாம் நாளும் பச்சையாக நின்றன. மூன்று தடவை செய்திருக்கிறார், மூன்று தடவையும் அப்படியே. நான் சொன்னது சரி. முதலிலிருந்தே சரி. சரியாக இருந்துகொண்டே இரண்டு வருடம் கிறீம் அளந்தேன்.

திரும்பப் பெற்ற கட்டுரை திரும்ப வராது, அந்தச் சிவப்பு எழுத்தும் போகாது. ஹயாஷி எனக்கு ஆறு வரியில் எழுதியிருந்தார். புதிதாக ஒரு கட்டுரை எழுதலாம், நானும் அபிதாவும் எழுத வேண்டும், திரும்பப் பெற்றதன் காரணம் அதில் முழுமையாக வர வேண்டும் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றதற்குத் தலைகுனிவதாகவும் எழுதியிருந்தார். அவர்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை அவருக்கே எழுதுவேன்.

மகள்களிடம் சொல்லுங்கள். வேறு யாராவது சொல்லி அவர்கள் கேட்கக் கூடாது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

நீங்கள் இங்கே வர வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

படங்கள் வந்த காலை அப்பாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்விட்டார். மடிக்கணினியை மேசையில் வைத்து அப்பாவுக்குக் காட்டினேன். எது சாறு ஊற்றியது, எது ஊற்றாதது, குளிர்ப்பெட்டிக்கு என்ன நடந்தது, நீங்கள் என்ன எழுதினீர்கள், எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"அப்ப நீ பிழை ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் உன்னை நம்பேல்லை, பிள்ளை. நீ இல்லாததை இருக்கெண்டு எழுதிப்போட்டுப் பிடிபட்டு வந்திட்டாய் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். கொம்மாவுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

இரண்டு வருடம், பால்வண்ணன். ஒரே வீட்டில், ஒரே மேசையில், தினமும் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துகொண்டு அந்த மனிதர் என்னைக் கள்ளி என்று நினைத்திருக்கிறார். கோல்டிங்கில் அவர் ஏன் தண்ணீர் எடுக்கப் போனார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கோபமும் உங்கள் மேல்தான் வந்தது. நீங்கள் வந்தால் அப்பா உங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, சாப்பிட்டுப் போகச் சொல்வார். அவருக்கு வேறு விதம் தெரியாது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உங்களை மன்னிக்கவில்லை. எப்போதாவது மன்னிப்பேனா என்று தெரியாது, தெரிந்தாலும் உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஜூலை முதல் சனிக்கிழமைக்குப் பதினெட்டு, இருபது பேர் வந்தார்கள் என்று அபிதா எழுதியிருந்தார். நல்லது. நிறுத்தாதீர்கள். புதிதாக வந்த யாராவது ஒருவர், சின்ன விஷயம்தானே, சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கட்டாயம் ஒரு நாள் கேட்பார். அப்போது நீங்கள், என்னை நம்பவில்லை என்று அப்பா சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். உங்கள் ஊர்த் தமிழுக்கு மாற்றாதீர்கள். பெயரையும் எடுக்காதீர்கள். சில்க்போர்க்கில் இருக்கும் இராசநாயகம் தன் மகளிடம் சொன்னது என்று சொல்லுங்கள்.

நிரஞ்சலா